மார்கழியில் முடிகிற காசு

பேரன் பிறந்த கிழமையில் நமசிவாயம் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. பண்டத்தரிப்பு ஊரில் அதுவே ஒரு கதையாகிப் போனது. தண்ணீர் இறைக்கிற மோட்டர் இடைநடுவில் நின்றபோது, வழக்கமாக அதை உதைக்கிறவர், "கொஞ்சம் இளைப்பாறு ராசா" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தின் கீழே போய் இருந்தார். மனைவி மீனாம்பிகை பயந்து போனாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு உடம்பு ஏதும் சுகமில்லையோ?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மகள் நிவேதனா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை சீலையால் கட்டின ஏணையில் கிடந்தான். தலை நிறைய மயிர், கை இரண்டும் எப்போதும் பொத்தினபடி. நமசிவாயம் தோட்டத்துக்குப் போகிறபோதும் வருகிறபோதும் ஏணைக்குள் எட்டிப் பார்ப்பார். பார்க்க வருகிற சனத்திடம், "நெத்தி என்ரை. காது என்ரை. மூக்கு மட்டும் சம்மந்தியின்ரை. பரவாயில்லை, வளர வளர மாறும்" என்பார். பிள்ளை தும்மினால் அது செய்தி. கொட்டாவி விட்டால் அயலுக்கே அறிவிப்பு.

ஆனால் அந்த மனிதனை அப்படியே நினைத்துக்கொள்ளக் கூடாது. அறுபது வயதுக்குக் கிட்ட, மெலிந்து, வெயிலில் கறுத்து, எப்போதும் யாரோடாவது வழக்காடுகிற தொண்டை அவருக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தகப்பனோடு வெங்காயப் பாத்தி கட்டினார். சண்டை நடந்த காலத்தில் ஊரை விட்டு ஓடி, திரும்பி வந்து, குப்பையால் மூடிக் கிடந்த கிணற்றைத் தூர்வாரி, அதே செம்மண்ணில் அதே சின்ன வெங்காயத்தை நட்டார். கலியாணம் கட்டினதும், மகளைப் படிப்பித்ததும், கட்டிக்கொடுத்ததும் வெங்காயத்தால்தான்.

அதற்குத்தான் நோய் வந்தது. மழை ஓய்ந்து தை பிறக்கிற நேரம் தாள் சுருண்டு மஞ்சளிக்கும். பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், அடி அழுகி மண்ணுக்குள் கிடக்கும். நாற்றம் ஒழுங்கை வரைக்கும் வரும். மருந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். மருந்துக் கடைக்காரர் வீடு கட்டினார். வெங்காயம் அழுகினபடியே இருந்தது.

அப்போதுதான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தக்சாயினி வந்தாள். மோட்டர் சைக்கிளில், தலையில் தொப்பி, காலில் சேறு. வந்தவள் அழுகின வெங்காயத்தைப் பார்க்கவில்லை. அழுகின பாத்திக்குள் அழுகாமல் தப்பி நின்ற ஒன்றிரண்டை நிலத்தில் குந்தியிருந்து தேடினாள்.

"ஐயா, எல்லாம் செத்த இடத்திலை இது ஏன் சாகேல்லை?" என்று கேட்டாள்.

"அதைச் சொல்லத்தானே பிள்ளை உன்னைப் படிப்பிச்சு விட்டவை" என்றார் அவர். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துப் போனது.

தப்பினதை எடுத்து விதை வெங்காயமாகப் பெருக்கினார்கள். அது உண்மையாகவே நோயைத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமென்றால், மருந்து அடிக்காத நிலத்தில், சாதாரண வெங்காயத்துக்குப் பக்கத்தில், மழைக்காலத்தில் நட வேண்டும். தையில் நோய் வருகிறபோது கிழமைக்குக் கிழமை வந்து பார்க்க வேண்டும். பார்க்கிற நிலத்தை நோய்க்குத் தின்னக் கொடுத்தாக வேண்டும். நமசிவாயம் தன் நிலத்தில் ஒரு துண்டைக் கொடுத்தார். மூன்று வருடத் திட்டம். நாட்டின் ஆராய்ச்சிக் காசில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள்.

முதல் வருடம் நட்டார்கள். தை பிறந்தது, நோய் வந்தது, தக்சாயினி வரவில்லை. போன் எடுத்தால் அழாத குறை.

"ஐயா, மார்கழி முப்பத்தொண்டோடை அரசாங்கத்தின்ரை வருசம் முடியுது, போன வருசக் காசு திரும்பிப் போயிட்டுது. இந்த வருசக் காசு இன்னும் வரேல்லை. வாகனத்துக்கு எண்ணெய் இல்லை, ஆய்வுகூடத்திலை சாமான் இல்லை. வேலைக்கு நிண்ட பொடியங்களையும் நிப்பாட்டிப் போட்டினம்."

காசு ஆனியில் வந்தது. ஆனியில் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்த வெயிலில் எந்த வெங்காயமும் அழுகாது. விதை சாகாமல் இருக்கிறதற்கு மட்டும் ஒரு பாத்தி நட்டு எடுத்தார்கள். இரண்டாம் வருடமும் அதே கூத்து. மூன்றாம் வருடம் முடிகிறபோது ஒரு தை மாதத்து முடிவாவது கையில் இல்லை என்றால் திட்டத்தை 'பலன் இல்லை' என்று மூடிவிடுவார்கள், இனி அதற்குக் காசு கிடைக்காது என்று தக்சாயினி சொன்னாள். விதை வெங்காயமும் கூடிய காலம் வைத்திருக்கக்கூடிய சாமான் இல்லை. வருகிற மழையோடு அதன் கதை ஒருபக்கம் முடிந்தாக வேண்டும்.

இப்படி இருக்கிற நேரத்தில்தான் பேரன் பிறந்தான். அந்தக் கிழமை முடிவில் தக்சாயினி வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் பார்த்து, சவர்க்காரப் பெட்டியும் சட்டையும் கொடுத்துவிட்டுச் செய்தியைச் சொன்னாள்.

"ஐயா, கொழும்பிலை இருந்து ஒரு சபை வருது. சுயாதீன ஆலோசனைச் சபை எண்டு பேர். உங்கடை தோட்டத்துக்கும் வருகினம்."

"ஆர் உவை? காசு தாற ஆக்களோ?"

"இல்லை. காசு தாற ஆக்கள் வேறை. நாட்டிலை ஆராய்ச்சிக்கெண்டு ஒதுக்கிற காசை ஆருக்குக் குடுக்கிறது, எப்பிடிக் குடுக்கிறது, எப்ப குடுக்கிறது எண்டு ஒரு கொள்கை இருக்கு. அந்தக் கொள்கை சரியோ பிழையோ எண்டு பாத்து எழுதுறதுதான் இவையின்ரை வேலை. ஒரு அமைச்சுக்கும் கீழை இல்லை. எங்களையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேட்டவை. மேலதிகாரியளை அறைக்குள்ளை விடேல்லை."

"இவை எழுதினால் மற்றவை கேப்பினமோ?"

"கேக்கவேணும் எண்டு கட்டாயம் இல்லை."

"பேந்தென்னத்துக்கு வருகினம்?"

"அதை அவையிட்டையே கேளுங்கோவன்."

கேட்பதென்று நமசிவாயம் முடிவெடுத்தார். அன்று தொடக்கம் ஏணையை ஆட்டுகிறபோதெல்லாம் பேரனுக்கு முன்னால் பேசிப் பார்த்தார். "மதிப்புக்குரிய சபையாருக்கு வணக்கம். உங்கடை வருசம் வேறை, எங்கடை வருசம் வேறை" என்று தொடங்குவார். பாதியில் குரல் உயரும். பிள்ளை திடுக்கிட்டுக் கையை விரிப்பான். உள்ளேயிருந்து நிவேதனா, "அப்பா, அவன் காசு தாற ஆள் இல்லை" என்பாள்.

அவர் இப்படி ஆயத்தமாக, சம்மந்தி சுபாஸ்கரன் வேறு மாதிரி ஆயத்தமானார். நிவேதனாவின் மாமனார் அவர். தோட்டம் செய்கிற ஊர்க் கமக்காரர் அமைப்பின் தலைவர். மடிப்புக் குலையாத சேட், ஆரைக் கண்டாலும் கும்பிடு. கெட்டவர் இல்லை. வருகிற ஆட்களுக்கு முன்னால் ஊர் குறைந்து போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்குப் பெரிய கவலை. கோயில் திருவிழாவானாலும் மந்திரி வருகையானாலும் பந்தலை முதலில் யோசிக்கிற மனிதர். கூட்டம் வைத்து, "தூரத்திலை இருந்து வாற ஆக்கள். அவைக்கு முன்னாலை மூக்கைச் சிந்திக்கொண்டு நிக்கேலாது" என்று சொல்லியிருந்தார். எல்லாரும் ஓம் என்றார்கள். நமசிவாயம் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. பிள்ளைக்கு முழுக்கு வார்க்கிற நேரம் அது.

சபை வருகிற நாள் ஐப்பசி மழை விட்டு வெயில் எறித்தது. நமசிவாயம் தோட்டத்துக்குப் போக, தன் கொட்டிலையே அவரால் அடையாளம் பிடிக்க முடியவில்லை. வாசலில் இரண்டு வாழை. மாவிலைத் தோரணம். வெள்ளைச் சீலை போர்த்த கதிரைகள். கொட்டில் முகட்டில் அவர் தாளோடு முடிந்து தொங்கவிட்டிருந்த விதை வெங்காயப் பிடிகளைக் காணவில்லை. அந்த இடத்தில் கொழுத்து, சிவந்து, பளபளவென்று வேறு வெங்காயம் பிடி பிடியாகத் தொங்கியது. 'ஆராய்ச்சி வெங்காயம்' என்று மட்டையில் எழுதியும் கட்டியிருந்தது.

"உதென்ன?" என்றார்.

சுபாஸ்கரன் அவரை ஒரு பக்கத்துக்கு இழுத்தார். "மருதனார்மடச் சந்தையிலை விடியவே போய் வாங்கினது. சத்தம் போடாதையுங்கோ சம்மந்தி."

"எங்கடை வெங்காயம் எங்கை?"

"பின்னுக்குச் சாக்காலை மூடி வைச்சிருக்கு. உந்தச் சூம்பலைக் காட்டினால் அவை என்ன நினைப்பினம்? ரெண்டு மூண்டு வருசமா இவ்வளவு காசு குடுத்து இதுதானோ வந்தது எண்டு கேட்டால் தக்சாயினிப் பிள்ளைக்கல்லோ வெக்கம்?"

நமசிவாயம் வாயைத் திறந்தார். அதற்குள் சபையின் வான் வண்டி வந்து நின்றது.

சபையில் நான்கு பேர். தலைவி ஒரு வயதான சிங்கள அம்மா, பேராசிரியராக இருந்து இளைப்பாறினவர், சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் தயங்காமல் நடந்தார். மன்னாரைச் சேர்ந்த ஜெறோம் என்கிறவர் தமிழில் கேட்டு அம்மாவுக்குச் சொன்னார். ஒரு இளம் பெண் கையில் வைத்திருந்த திரையில் எல்லாவற்றையும் குத்தி எழுதிக்கொண்டாள். மற்றவர் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்தார். தக்சாயினி தள்ளி நின்றாள். முகட்டில் தொங்கியதைக் கண்டதும் அவள் முகம் செத்துப் போனது.

தலைவி ஒரு வெங்காயத்தைக் கையில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். ஜெறோம் கேட்டார், "ஐயா, இதுதானோ திட்டத்தின்ரை வெங்காயம்?"

"ஓம் ஐயா" என்றார் சுபாஸ்கரன் கும்பிட்டபடி. "ஊருக்கு நல்ல திருப்தி. ஒரு குறையும் இல்லை. வாருங்கோ, முதல்லை இளநி குடியுங்கோ."

ஜெறோம் சொன்னதைக் கேட்டுத் தலைவி தலையாட்டினார். இளம் பெண் குத்தினாள். "அப்ப திட்டம் முடிஞ்சு, பலனும் கிடைச்சிருக்கு. நல்ல சந்தோசம்" என்றார் ஜெறோம்.

பேரனுக்கு முன்னால் பழகின பேச்சில் ஒரு சொல்லும் நமசிவாயத்துக்கு நினைவு வரவில்லை.

"ஐயா, அந்தப் பிள்ளையைக் குத்துறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார். பின்னால் போய்ச் சாக்கை இழுத்து எறிந்துவிட்டு, சிறுத்து மங்கிக் கிடந்த இரண்டு பிடி வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வெள்ளைச் சீலைக் கதிரையில் போட்டார். "இதுதான் உங்கடை திட்டம். உதிலை தொங்குறது சந்தை வெங்காயம். இண்டைக்கு விடிய வாங்கிக் கட்டினது. பின்னேரம் கறிக்குப் போயிடும்."

அமைப்புக்காரர் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். பின்னால் யாரோ, "உந்த மனிசனை ஆரும் வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றது கேட்டது.

"போறன். சொல்லிப்போட்டுப் போறன்" என்றார் நமசிவாயம். "ஐயா, அம்மாவுக்கு வடிவாச் சொல்லுங்கோ. எங்கடை வெங்காயத்துக்கு நோய் வாறது தையிலை. உங்கடை காசு சாகிறது மார்கழியிலை. ரெண்டு வருசம் நோய் வந்து நிண்ட நேரம் இந்தத் தக்சாயினிப் பிள்ளைக்கு வர வழியில்லை. ஆனியிலை காசு வருது. ஆனியிலை நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. அந்த நேரம் வந்து பாத்து நோயில்லை எண்டு எழுதினால் அதுக்குப் பேர் ஆராய்ச்சியோ? கொழும்பிலை ஒரு கலண்டர் தொங்குது எண்டதுக்காக என்ரை நிலத்திலை மழை தள்ளிப் பெய்யுமோ?"

ஜெறோம் மொழிபெயர்க்கப் பெயர்க்கத் தலைவி அவரைப் பார்க்கவில்லை, தக்சாயினியைப் பார்த்தார். உண்மையோ என்று கேட்டார். உண்மை என்றாள் தக்சாயினி. மேலிடத்துக்கு மூன்று தடவை சொன்னதாகவும், வருட முடிவில் அவர்கள் கேட்கிறதெல்லாம் காசைச் செலவழித்து முடித்தாயிற்றா என்பது மட்டும்தான் என்றும் சொன்னாள்.

தலைவி இளம் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் எழுதினதை அழித்தாள். பிறகு அந்த அம்மா நிமிர்ந்து நின்று நீளமாகப் பேசினார். குரலில் இனிப்பு இல்லை.

"அம்மா சொல்லுறா" என்றார் ஜெறோம், "போன இடம் எல்லாம் நல்லதைத்தான் காட்டினவையாம். எல்லா மாவட்டத்திலையும் தோரணம். எல்லா இடத்திலையும் திருப்தி. அதைப் பாத்துக் கொள்கை நல்லது எண்டு நாங்கள் எழுதினால் அது ஆரின்ரை பிழை எண்டு கேக்கிறா."

நமசிவாயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "சரி. இப்ப உண்மையைக் கண்டிட்டியள். இந்த மார்கழிக்கு இந்தப் பிள்ளையின்ரை காசு நிக்காது எண்டு ஒரு வாக்குத் தாங்கோ."

"தரேலாது."

"ஏன்?"

ஜெறோம் கேட்டுச் சொன்னார். சொல்கிறபோது அவருக்கே சிரிப்பு வந்தது. "காசு எங்கடை கையிலை இருந்தால் நீங்கள் எல்லாரும் இதைவிடப் பெரிய வெங்காயமாப் பாத்து வாங்கிக் கட்டியிருப்பியளாம். கையிலை ஒண்டும் இல்லாதபடியால்தான் உங்களுக்கு எங்களோடை கோவிக்கவாவது ஏலுது எண்டு அம்மா சொல்லுறா."

கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தே விட்டார்கள். நமசிவாயம் கதிரையில் கிடந்த வெங்காயத்தைக் கையில் எடுத்தார். அந்த அம்மா சொன்னது சரி என்று ஒரு பக்கம் பட்டது. அது அவர் கோபத்தை இன்னும் கூட்டியது.

ஆனால் சபை இளநி குடித்துவிட்டுப் போய்விடவில்லை. சோடித்த கதிரைகளை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்தது. ஒருவர் மோட்டர்க் கொட்டிலடியில், ஒருவர் முருங்கையின் கீழே. கமக்காரரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மற்றவருக்குக் கேட்காமல் கேட்டார்கள். எந்த மாதம் நடுகிறீர்கள், எந்த மாதம் அழுகுகிறது, எந்த மாதம் இந்தப் பெண் வந்தாள். சுபாஸ்கரனையும் தலைவி தானே கூப்பிட்டு இருத்திக் கேட்டார். சபையாருக்கென்று சமைத்த சோறும் மரக்கறியும் ஆறிப் போனது. பின்னேரம் போகிறபோது ஜெறோம் நமசிவாயத்தின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு தன்னுடையதையும் கொடுத்தார்.

வான் வண்டி மறைந்த பிறகு சுபாஸ்கரன் தோரணத்தைத் தானே அறுத்தார்.

"இத்தினை சனத்துக்கு முன்னாலை என்னைப் பொய்யனாக்கிப் போட்டியள் சம்மந்தி."

"நானோ ஆக்கினனான்?"

"நான் எனக்கெண்டோ செய்தனான்?"

"அதுதான் எனக்குக் கூடக் கோவம்" என்றார் நமசிவாயம். "உங்களுக்கெண்டு களவெடுத்திருந்தால் கூட விளங்கியிருக்கும். ஊருக்கெண்டு ஊரின்ரை வாயைப் பொத்தினனீங்கள்."

சுபாஸ்கரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பேரனைப் பார்க்கவும் அவர் வரவில்லை, மனைவியை மட்டும் அனுப்பினார். மீனாம்பிகை சட்டியைக் கழுவுகிற சத்தத்திலேயே தன் மனதைக் காட்டினாள்.

"பிள்ளையின்ரை முப்பத்தோராம் நாளுக்கு அந்த மனிசன் வராமல் விட்டால், பிள்ளைக்குப் பேர் வைக்கேக்கை அப்பப்பா எங்கை எண்டு சனம் கேக்கும். வெங்காயம் அழுகிப் போச்சு, அதாலை வரேல்லை எண்டு சொல்லட்டோ?"

"சொல்லும். உண்மைதானே."

"உங்களோடை கதைக்கிறதிலும் பாக்க ஏணையோடை கதைக்கலாம்."

கார்த்திகையில் சபையின் அறிக்கை வந்தது. தக்சாயினி வீட்டுக்கு வந்து போனில் வைத்து வாசித்துக் காட்டினாள். தோட்டத்திலும் கடலிலும் செய்கிற ஆராய்ச்சிக்குக் காசு கலண்டரைப் பார்த்து நிற்கக் கூடாது, பருவத்தைப் பார்த்துப் போக வேண்டும், மிஞ்சினால் அடுத்த வருடத்துக்கு நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பயன் பெறுகிறவர்களே சோடித்துக் காட்டுகிற இடங்களைச் சாட்சியாக எடுக்கக் கூடாது என்றும் இருந்தது. நமசிவாயம் ஒவ்வொரு வரிக்கும் தொடையில் தட்டினார்.

"அரசாங்கம் என்ன சொல்லுது?" என்றார்.

தக்சாயினி போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். "கொள்கையளவில் ஏற்றுக்கொண்டிருக்கினமாம். வாற வருசத்துக்குப் பிறகு பரிசீலிப்பினமாம். எங்கடை திட்டம் மார்கழி முப்பத்தொண்டோடை மூடுது."

"கொள்கையளவிலை எண்டால் அது எத்தினை பாத்திக்குக் காணும்?"

நமசிவாயம் எழும்பி முற்றத்துக்குப் போய், அங்கே ஒருவரும் இல்லாததால் தேங்காய் மட்டையை உதைத்தார்.

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் வந்தது. வீடு கழுவி, தீர்த்தம் தெளித்து, பிள்ளைக்கு மொட்டை அடித்து, அரைஞாண் கட்டினார்கள். மொட்டை அடித்த பிறகு மூக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சுபாஸ்கரன் வந்தார். வராமல் இருக்க அவரால் முடியுமா, அவருக்கும் அது முதல் பேரன். காப்புப் போட்டார், நெற்றியில் திருநீறு பூசினார், நமசிவாயம் இருந்த பக்கம் பார்க்காமல் கதிரையில் இருந்தார். நிவேதனா பிள்ளையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் பிள்ளையோடு கதைத்தார். சத்தமாகத்தான் கதைத்தார்.

"ராசா, மார்கழியிலை என்ன செய்யப் போறாராம் எண்டு அம்மப்பாட்டைக் கேளு."

நமசிவாயம் முகட்டைப் பார்த்தார். "ராசா, ஒண்டும் செய்யிற யோசினை இல்லையாம் எண்டு அப்பப்பாட்டைச் சொல்லு."

"எங்கடை கிணத்தடித் துண்டு சும்மா கிடக்கு. போன தையிலை முழுக்க அழுகின நிலம். நோய்க்கு அதை விட நல்ல நிலம் இந்தப் பக்கத்திலை இல்லை எண்டு சொல்லு."

"அதிலை என்னத்தை நடப்போறாராம்? சந்தையிலை வாங்கியோ?"

சமையலறைப் பக்கம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுபாஸ்கரனின் காது சிவந்தது. "இந்த முறை தோரணம் கட்டமாட்டாராம் எண்டு சொல்லு ராசா."

பிள்ளை அழத் தொடங்கினான். நிவேதனா வந்து தூக்கினாள். "ரெண்டு பேரும் கதைக்கிறதெண்டால் நேரை கதையுங்கோ. பிள்ளைக்குப் பால் குடுக்கவேணும்" என்று உள்ளே கொண்டு போய்விட்டாள்.

நடுவில் ஆள் இல்லாமல் போனதும் இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பந்திக்கு வந்திருந்த தக்சாயினிதான் வாயைத் திறந்தாள்.

"ஐயா, எனக்கு லீவு மிஞ்சிக் கிடக்கு. தை முழுக்க நான் என்ரை லீவிலை, என்ரை சைக்கிளிலை வந்து பாப்பன். அழுகினதையும் தப்பினதையும் பாத்துப் படம் எடுத்து எழுதினால் முடிவு முடிவுதான். விதையை விட்டுடாதையுங்கோ."

"வேண்டாம்" என்றார் நமசிவாயம்.

"ஏன் ஐயா?"

"ஏனோ? நீ லீவிலை வருவாய், உவர் நிலம் தருவார், நான் நடுவன். எல்லாம் நல்லா நடக்கும். பேந்து ஒருத்தன் குளிர் அறையுக்கை இருந்து எழுதுவான், பாருங்கோ, காசு நிண்டாலும் ஆராய்ச்சி நிக்கேல்லை எண்டு. அடுத்த வருசமும் மார்கழியோடை வெட்டுவாங்கள். கேட்டால் பண்டத்தரிப்பைப் பார் எண்டுவாங்கள். நாங்கள் சும்மா செய்யிறது அவங்கடை கொள்கைக்கு முண்டு குடுக்கிற வேலை."

இது ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. தக்சாயினி இலையைப் பார்த்தாள். சுபாஸ்கரன் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டார்.

"அதுக்காக விதையைச் சாகவிடப் போறியளோ?" என்று கேட்டார். பிள்ளை வழியாக இல்லை, நேராக.

பின் கொட்டிலில் இருக்கிற அந்த இரண்டு பிடி ஏற்கெனவே முளை தள்ளத் தொடங்கியிருந்தது நமசிவாயத்துக்குத் தெரியும்.

"அந்தச் சபை ஒருமுறை எழுதிப்போட்டு விடுற சபை இல்லை" என்றாள் தக்சாயினி. "சொன்னது நடந்ததோ எண்டு வருசா வருசம் திரும்பப் பாப்பினம். முடிவை நான் அவைக்கும் அனுப்பலாம். ஆர் நிலம் குடுத்தது, ஆர் லீவு போட்டது, என்ன கிடைக்கேல்லை எண்டு எல்லாம் சேத்து."

"அதை நான் சொல்லுவன். நீ சொன்னால் மரியாதையா வந்திடும்."

"சரி, நீங்களே சொல்லுங்கோ."

"திருத்தவும் கூடாது."

"திருத்தமாட்டன் ஐயா."

அரசாங்கத்தின் புதுவருடம் பிறந்த அன்று, திட்டம் மூடின மறுநாள், சுபாஸ்கரனின் கிணற்றடியில் நட்டார்கள். விடியப் பெய்த மழையில் செம்மண் காலைப் பிடித்து இழுத்தது. பிந்தின நடுகைதான், ஆனால் அந்த நிலத்தில் நோய் இளம் தாளையும் விடாது. ஒரு பாத்தி தப்பின வெங்காயம், ஒரு பாத்தி சாதாரண வெங்காயம் என்று மாறி மாறி. மீனாம்பிகையும் சுபாஸ்கரனின் மனைவியும் ஒரு வரிசையில் குனிந்து நின்று தங்கள் கணவன்மாரைப் பற்றி ஒருவருக்கொருவர் முறைப்பாடு சொல்லிக்கொண்டே நட்டார்கள். தக்சாயினி தடி வெட்டி எல்லை அடித்தாள். சுபாஸ்கரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியை நேராக்கப் பார்த்தார்.

"சம்மந்தி, நோய்க்கு நேர்பாத்தி தேவையில்லை" என்றார் நமசிவாயம்.

"பாக்க வடிவா இருக்கட்டுமேன்."

"ஆர் பாக்க?"

வேலை முடியிற நேரம் நமசிவாயம் வரம்பில் குந்தி, போனை எடுத்து, ஜெறோமின் பெயரைத் தேடி, குரல் பதிகிற பொத்தானை அமத்திப் பிடித்தார்.

"ஜெறோம் ஐயா, நமசிவாயம் கதைக்கிறன், பண்டத்தரிப்பிலை இருந்து. இண்டைக்கு நட்டிட்டம். காசில்லாமல் நட்டவை எண்டு மட்டும் எங்கையும் எழுதிப்போடாதையுங்கோ. என்ரை சம்மந்தி ஒரு போகத்தை நோய்க்குக் குடுத்திருக்கிறார். இந்தப் பிள்ளை தன்ரை லீவைக் குடுத்திருக்கு. என்ரை மனிசிக்கு முதுகு நிமிராது. இதெல்லாம் நாடு குடுத்திருக்கவேண்டியது, நாடு குடுக்கேல்லை, அப்பிடித்தான் எழுதவேணும். அம்மாவுக்கும் சொல்லுங்கோ. தை முடிய வாங்கோ. ஒருத்தருக்கும் அறிவிக்காமல் வாங்கோ. அழுகினதைக் காட்டுறன்."

அனுப்பிவிட்டு ஒருமுறை போட்டுக் கேட்டார். தன் குரல் தனக்கே நல்ல பிள்ளை மாதிரிக் கேட்டது. கோபம் காணாது என்று பட்டது. செம்மண் அப்பின கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடியும் பொத்தானை அமத்தினார்.